ஒரு காது பாக்கி

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பதுதான் நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கண் எண்ணுவதை நிறுத்தவில்லை. இண்டூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மீட்டர். அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்ப்பது? வீட்டாரை எண்ணத் தொடங்கினேன். ஒரு வேளைச் சாப்பாட்டில் என் மகன் பத்தொன்பது முறை போனைப் பார்த்தான். மருமகள் இருபத்திரண்டு. என் மனைவி பதினொன்று. நான் நான்கு முறை ரசம் கேட்டேன். வந்தது மோர்.

பேத்திக்கு அப்போது பதினோரு மாதம். சுவரில் தொங்கிய நாள்காட்டியில் இருந்த முருகனை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தாள். அடுத்த படம் வரவில்லை என்று அழுதாள். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பதினோராம் மாதத்தில்தான் தீர்த்தமலையில் அவளுக்கு மொட்டை அடித்துக் காது குத்துவதாக முடிவானது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தோடும் அவர்தான் கொண்டுவர வேண்டும். அதனால் மற்றவர்களை எப்படிக் கூப்பிட்டாலும், தாய்மாமன் வீட்டுக்கு நேரில் போய் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் அழைக்க வேண்டும். என் மருமகளின் அண்ணன் கடத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம்.

"மச்சானைக் கூப்புட்டாச்சாடா?" என்று மகனைக் கேட்டேன்.

"நேத்தே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேம்பா. நூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஒரே அமுக்கு."

"தட்டு வெக்கலியா?"

"பத்திரிகைலயே தட்டுப் படம் இருக்குதுப்பா. வெத்தலை, பாக்கு, வாழப்பழம், எல்லாம். ரெண்டு நீல டிக் வந்துருச்சு, பாத்துட்டாரு. கட்டை விரலும் போட்டுருக்காரு."

அந்தக் கட்டை விரல் இரண்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது. அது சம்மதமா, கோபமா? மருமகளைக் கேட்டேன்.

"எங்கண்ணன் எல்லாத்துக்கும் அதைத்தானுங்க மாமா போடும். எங்க தெருவுல நாலு நாளா தண்ணி வரலைன்னு குரூப்ல போட்டதுக்கும் அதே வெரல்தான்."

நானே போய் அழைத்துவிட்டு வருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். இந்தக் காலத்தில் யாரப்பா, என்றான் மகன். சரி என்று இருந்துவிட்டேன். முழங்கால் வேறு வலித்தது. இதில் என் தப்பும் உண்டு.

அன்று காலை தீர்த்தமலை அடிவார மண்டபத்தில், கைக்குழந்தைகளைத் தள்ளி, மச்சானையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். மச்சான் பைக்கில் தனியாக வந்து இறங்கினார். அவர் மனைவி வரவில்லை. "வாங்க" என்றேன். "வந்தேன்" என்றார். சிவப்புக் காகிதத்தில் மடித்த இரண்டு தோட்டை ஆசாரியிடம் கொடுத்துவிட்டு, போய் மணையில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பேத்தியை அவர் மடியில் வைத்தார்கள்.

உடனே சுற்றிலும் கைகள் எழுந்தன. மாமன் முகம் மறைந்தது. குழந்தை மறைந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போன்களின் முதுகு. எண்ண ஆரம்பித்தேன்.

"மச்சான், கொஞ்சம் சாய்ஞ்சு உக்காருங்க, வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்குது" என்றான் என் மகன். "பெங்களூர்ல இருந்து லைவ்ல பாக்கறாங்க. சிரிங்க."

மச்சான் சிரிக்கவில்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு என்று போய்க்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டது. முப்பத்தொன்றில் என் கணக்கு முடிந்தது. அதே நேரம் மகன் அலறினான்.

"ஐயையோ! வீடியோ ஓடவே இல்லை! யாராச்சும் எடுத்தீங்களா?"

முப்பத்தொரு தலைகள் முப்பத்தொரு போன்களுக்குள் குனிந்தன. ஒருவர் படத்தில் இன்னொருவர் முழங்கை விழுந்திருந்தது. மற்றொருவர் படத்தில் அவர் மூக்கே இருந்தது. என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமாதானம் செய்ய வெளியே போனாள். "முடிஞ்சுதுங்களா? நான் கெளம்பறேன்" என்று ஒரு குரல் கேட்டதாக இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதற்கு யாரும் தலை தூக்கவில்லை.

சிற்றுண்டிக்கு இலை போட்டார்கள். வழக்கம்போலத் தலை எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுபடியும் எண்ணினேன். அதே நாற்பத்திரண்டுதான். இல்லாதவர் தாய்மாமன். சாப்பிடாமல் போய்விட்டார். இனி மருமகள் எந்த முகத்தோடு பிறந்த வீட்டுக்குப் போவாள்?

இதை யாரிடம் முதலில் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது ஆசாரி வந்தார். அவர் உள்ளங்கையில் ஒரு தோடு இருந்தது.

"பெரியவரே, இன்னொரு காது எப்பங்க? நல்ல நேரம் பதினொன்றரை வரைக்குந்தான்."

பொங்கலை நோக்கிப் போன கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் என் மனைவி இடுப்பில் இருந்த பேத்தியைப் பார்த்தார்கள். இடது காதில் தோடு மின்னியது. வலது காது பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"ரெண்டு காதும் குத்தியாச்சுன்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டனே!" என்றாள் மருமகள். "அறுவத்தோரு பேர் வாழ்த்துச் சொல்லிட்டாங்களே!"

"ஏங்க, எதை எதையோ எண்ணுவீங்களே, காதை எண்ண மாட்டீங்களா? ரெண்டே ரெண்டுதானுங்களே?" என்றாள் என் மனைவி. நான் போன் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று அந்த நாற்பத்திரண்டு பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

வேறு யாராவது மடி கொடுக்கட்டுமே என்றார் ஓர் உறவினர். "ஒரு காதுக்கு மாமன் மடி, இன்னொரு காதுக்கு ஊரான் மடியா?" என்று என் மனைவி அவரை உட்கார வைத்தாள்.

மகன் ஏழு முறை போன் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. எட்டாவது முறை போடப்போனவனின் கையைப் பிடித்தேன்.

"வண்டியை எடுடா. தட்டு எங்க?"

கோயிலுக்கென்று வைத்திருந்த தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் இருந்தன. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகன் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் ஏழு வேகத்தடை. நான்காவதில் ஒரு பழம் போய்விட்டது.

மச்சான் தொலைவு போகவில்லை. முக்கூட்டு ரோட்டு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். பசி, பாவம். பக்கத்தில் போன் மல்லாந்து கிடந்தது. நான் தட்டைக் கீழே விடாமல் இறங்கினேன்.

"மாப்பிள்ளை கூப்புட்டாரே, கேக்கலீங்களா?"

"கேட்டுதுங்க மாமா. போன்ல கூப்பிட்டா போன் பாத்துக்கும். வூட்டுக்கு வந்து கூப்பிட்டாத்தான் நானு."

பெஞ்சில் தட்டை வைத்தேன். எத்தனையோ விசேஷங்களுக்கு எத்தனையோ வீடுகளில் சொன்ன வார்த்தைதான்.

"பேத்திக்குக் காது குத்தறோம். நீங்க வந்து மடி குடுக்கணும்."

"எப்பங்க?"

"இப்பத்தாங்க. இன்னும் இருவத்தாறு நிமிஷம் இருக்குது."

"அதான் குத்தியாச்சே?"

"எடது காதுதானுங்க குத்திருக்குது. அதுக்குப் போன்ல கூப்புட்டோம், தப்புத்தான். வலது காதுக்கு நேர்ல வந்துருக்கறோம்."

அவர் முதலில் நம்பவில்லை. மகன் தலையைக் குனிந்து ஆமாம் என்றான். வாயில் இருந்த போண்டாவோடு சிரித்ததில் மச்சானுக்குப் புரையேறிவிட்டது. டீக்கடைக்காரர்தான் தலையில் தட்டினார். பிறகு துண்டில் கை துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். வாங்கியவர் எழவில்லை.

"மாப்ள, இதை ஒரு படம் எடுங்க. எங்க வூட்டுக்காரிக்கு அனுப்பணும். தட்டு வெச்சாங்கன்னா அவ நம்ப மாட்டா."

பதினொன்று இருபத்திரண்டுக்கு வலது காது முடிந்தது. ஒரு நிமிஷம் என்று யாரோ போனைத் தூக்கினார்கள். "நிமிஷமெல்லாம் கெடையாதுங்க" என்று ஆசாரி ஊசியைப் போட்டுவிட்டார். இம்முறை நான் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் மூன்று போண்டாவுக்கு மேல் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டார். நாற்பத்து மூன்று இலை.

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். காது குத்தியதற்கு யாரிடமும் உருப்படியான படம் இல்லாததால், டீக்கடைப் படத்தை மருமகள் ஸ்டேட்டஸில் போட்டாள். நானும் மச்சானும் ஒற்றை வாழைப்பழமும் நன்றாகவே விழுந்திருந்தோம். சாயங்காலத்துக்குள் உறவில் பதினொரு வீட்டார் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "அவருக்கு மட்டும் தட்டு, எங்களுக்கு வெறும் மெசேஜுங்களா?"

அடுத்த மாதம் பேத்திக்குப் பிறந்த நாள். இம்முறை தட்டு நான்தான் கொண்டுபோகிறேன். இதுவரை ஆறு வீடு. குடித்த காபி பதினான்கு. எந்த வீட்டிலும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னைக் கிளம்ப விடவில்லை. போன் ரீடிங் எடுக்க நினைவில்லாமல் பேசிவிட்டு வந்துவிடுகிறேன். நோட்டில் அந்த ஆறு வீட்டுப் பக்கமும் காலியாகக் கிடக்கிறது.

நாளை அரூர். இரண்டு பேருந்து, மூன்று வீடு. வாழைப்பழம் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.