சந்தன மொட்டையும் என் மடியும்

தாய்மாமன் மடி என்றால் சும்மாவா? தங்கைக்கு மகள் பிறந்த நாளிலிருந்தே, என் மடியில் வைத்துத்தான் காது குத்தப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். குழந்தைக்கு இரண்டரை வயதானபோது ஜீயபுரம் பக்கத்தில் மாப்பிள்ளையின் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தார்கள். மலைக்கோட்டைக் கடைவீதியில் கால் வலிக்க அலைந்து தோடு வாங்கினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சீர்த்தட்டுகளோடு வேனில் போய் இறங்கியபோது எனக்கிருந்த மிதப்பு, மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்திருக்காது.

முதலில் மொட்டை. குளிப்பாட்டியதும் தலையில் சந்தனம் பூசும் வேலை எனக்கு வந்தது. நான் எதையும் கொஞ்சமாகச் செய்கிறவன் இல்லை. குழைத்த சந்தனம் மொத்தத்தையும் அப்பிவிட்டேன்.

அது காய்வதற்குள் அவளை மடியில் வைத்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி ஒரு காதில் குத்தித் தோடும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் வீறிட்டாள். அடுத்த காதுக்கு ஊசி வந்ததும் தலையைத் திருப்பினாள். சந்தனத்தில் என் கை வழுக்கிவிட்டது. ஆசாரி சட்டென்று ஊசியை இழுத்துக்கொண்டார், இல்லையென்றால் கன்னத்தில் கிழித்திருக்கும். 

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். மேளக்காரர், வீடியோக்காரர், சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரையும், "தள்ளிப் போங்கய்யா!" என்று கத்தினேன். குழந்தை என்னைப் பார்த்து இன்னும் அலறி, அம்மாவிடம் தாவிவிட்டாள்.

"நல்ல நேரம் முடியப் போகுது. எங்க வீட்டுக்காரர் மடியில வச்சு அழுத்திப் பிடிச்சா ஒரு நிமிஷ வேலை," என்றார் தங்கையின் நாத்தனார். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாள் காத்திருந்த உரிமை, ஒரு காதோடு கைவிட்டுப் போகப் போகிறது.

தங்கை மட்டும் பதறவில்லை. "யாரும் அழுத்திப் பிடிக்க வேணாங்க. ஒரு காது நல்ல நேரத்துலயே குத்தியாச்சு. இன்னொரு காதுக்குச் சாமி காத்திருக்கும்," என்றாள். பிறகு என்னிடம், "அண்ணே, நீ மொதல்ல போய்க் கையைக் கழுவு."

"அவசரமே இல்லைங்க," என்று ஆசாரியும் அந்த ஊசியை ஓரமாக வைத்துவிட்டுப் புது ஊசி எடுத்தார். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தங்கை ஈரத்துண்டால் மொட்டையைச் சுத்தமாகத் துடைத்தாள். குத்திய காதில் மஞ்சள் வைக்க வந்தவரிடம், "டாக்டர் சொன்ன மருந்து இருக்குங்க, அது போதும்," என்றாள். குழந்தை விக்கி விக்கி அடங்கினாள். பிறகு வாழைப்பழம் கேட்டு வாங்கித் தின்றாள். நான் வேப்பமரத்தடியில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தேன். இனி என்னிடம் வருவாளா என்பதுதான் என் கவலையெல்லாம்.

கடைசியில் அவளே நடந்து வந்தாள்.

"மாமா கத்தக் கூடாது."

"கத்தவே மாட்டேன்டா தங்கம்."

அவள் நம்பவில்லை போலிருக்கிறது. மடியில் ஏறி உட்கார்ந்ததும், துடைப்பதற்கு முன்பே தலையைத் தடவித் தடவிச் சந்தனம் அப்பியிருந்த உள்ளங்கையால் என் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது "ஆ" என்றாள், கையை மட்டும் எடுக்கவில்லை. மேளம் கொட்டியது. முதலில் சிரித்தது நாத்தனார்தான். சந்தோஷத்தில் எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. வாயைத் திறக்க விட்டால்தானே!

அன்று எடுத்த படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு காதிலும் தோடு மின்ன அவள் சிரிக்கிறாள். என் மீசை முழுக்கச் சந்தனம்.