போட்டுக்கொடுத்த லோடர்

என் வீட்டுக்காரருக்குக் குவாரியில் வைத்த பெயர் கல்லுளிமங்கன். பத்தொன்பது வருடமாக டீசல் லோடரில் உட்கார்ந்து கல்லை அள்ளி, கிரஷர் தொட்டியில் கொட்டுகிறவர். நான் அதே குவாரியில் எடைமேடைச் சன்னலுக்குள் உட்கார்ந்து டிப்பர்களுக்குச் சீட்டு எழுதுகிறவள். அவர் லோடரை விட்டு இறங்கினால் வாயில் பூட்டுதான். சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார். எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்து வருவார். இந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம்.

ஓட்டும்போது அவர் உதடு அசைவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எதையோ மெல்லுகிறார் என்று விட்டுவிடுவேன்.

போன மாதம் தலையில் இடி விழுந்தது. எங்களிடம் ஜல்லி வாங்கும், பாலம் கட்டுகிற கம்பெனி, கரிப்புகையைக் குறைக்காத குவாரியில் இனி ஒரு கூடைகூட எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. முதலாளி டீசல் லோடர் இரண்டையும் தள்ளிவிட்டு, பேட்டரியில் ஓடும் பெரிய லோடர் ஒன்றை வாங்கிவிட்டார். ஆபரேட்டர் இரண்டு பேர், வண்டி ஒன்று. அந்த இன்னொருவனுக்குப் பீரங்கி என்று பெயர். முதலாளிக்குக் கார் கதவைத் திறந்துவிடும் நேரத்திலேயே 'எனக்குத்தானே முதலாளி?' என்று நாலு தடவை கேட்டுவிட்டான்.

"நீங்களும் போய் ஒரு வார்த்தை கேளுங்களேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்றேன்.

தலையைச் சொறிந்தார்.

"கேட்டா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். வேலை போனால் இந்த வயதில் யார் வாசலில் போய் நிற்பது?

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்க்கும் நாள். ஆளுக்கு அரை மணி நேரம். புது வண்டி எவ்வளவு அமைதி என்று காட்ட, கிரஷரையும் டிப்பர்களையும் நிறுத்தச் சொல்லியிருந்தார் முதலாளி. பீரங்கி ஏறி, ஒரு கல் சிந்தாமல் அள்ளிவிட்டு, பெரிய சல்யூட் அடித்து இறங்கினான். அடுத்து இவர். பின்சக்கரம் தெரியவேண்டும் என்று வழக்கம்போலக் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டார். வண்டி நகர்ந்தது. டயருக்கடியில் கல் நொறுங்குவது மட்டும் கேட்டது. கூடவே ஒரு குரல்.

"வாங்கிட்டாருய்யா புது வண்டி! வண்டிய மாத்தினா போதுமா, புத்திய மாத்த வேணாமா? தொட்டிய அந்தக் கோடியில வச்சிட்டு, நாள் பூரா மேட்டுல ஏறி எறங்கணுமாம். இந்தப் பள்ளத்து ஓரமா வச்சா பாதி தூரம் மிச்சம். தெனம் ஒன்பது டிப்பர் வரிசையில நின்னு சும்மாவே புகைய விடுது. ஒருத்தனாவது எஞ்சின அணைக்கிறானா? முதலாளிக்கு இருக்கறது கண்ணா, புண்ணா?"

யாரடா இது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஐயையோ, என் வீட்டுக்காரர்! பத்தொன்பது வருடமாக எஞ்சின் இரைச்சலுக்குள் உட்கார்ந்து தனக்குத்தானே பேசித் தீர்த்திருக்கிறார், பாவி மனுஷன். இன்று இரைச்சல் இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

"இவ வேற, கேளுங்க கேளுங்கன்னு உயிர எடுக்கறா. என் வேலையப் பாத்து முதலாளியே குடுக்கட்டும். அதை அவகிட்டச் சொல்லலாம்னா, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பதிலையும் அவளே சொல்லிடறா."

டிப்பர்க்காரர்கள் எல்லாரும் என் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. சுத்தப் பொய்.

இறங்கியவரை முதலாளி மறித்தார். நானும் எழுந்து ஓடினேன். "நீங்க பேசினது பூராவும் கேட்டுச்சுங்க" என்றேன். இவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணு, புண்ணு எல்லாம் இருக்கட்டும்" என்றார் முதலாளி. "அந்தத் தொட்டி விஷயத்த எனக்குப் புரியறமாதிரி சொல்லு. சொன்னா வண்டி உனக்கு. இல்லேன்னா பீரங்கிக்கு."

இவர் வாய் திறந்தது. காற்றுதான் வந்தது. பீரங்கி இளித்துக்கொண்டு ஒரு அடி முன்னே வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற டிப்பர்க்காரரிடம் கத்தினேன்.

"அண்ணே, எஞ்சினப் போடுங்க! நல்லா மிதிங்க!"

டிப்பர் உறுமியது. உடனே இவர் உதடு அசைந்தது. முதலாளி அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டார். இவர் பள்ளத்தைக் காட்டினார், மேட்டைக் காட்டினார், குச்சியால் தரையில் கோடு போட்டார். கரிப்புகையைக் குறைக்கும் யோசனைக்காகக் கரிப்புகைக்குள் நின்று எல்லாரும் இருமினோம்.

நடுவில் சட்டென்று நிறுத்தி, டிப்பர் பக்கம் திரும்பினார்.

"யோவ், அணைய்யா அத! சும்மா எதுக்கு டீசல எரிக்கிற? இவ்வளவு நேரம் இதத்தானே சொல்லிட்டிருக்கேன்!"

டிப்பர்க்காரர் பயந்துபோய் அணைத்துவிட்டார். குவாரியே கப்சிப். இனி இவரும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"அப்புறம் முதலாளி, அந்த மேட்டுப் பாதை இருக்கே, அதையும் சரிவாக்கணும்..."

குரல் இறங்கவே இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முதலாளி சாவியை நீட்டினார். இவர் வாங்கவில்லை, இன்னும் பேசி முடிக்கவில்லையாம்.