வெளுத்துப்போன செவ்வந்திக்கல்

ராசிக்கல் கடைக்காரர் நிலவியல் படித்தவர். எரிமலைக் குழம்பு ஆறிய பொந்தில் வளர்ந்த படிகத்துக்குள் துளி இரும்பு சிக்கி, பூமியின் கதிர்வீச்சில் ஊதாவானதே செவ்வந்திக்கல் என்பதும், வெயில் பட்டால் அது வெளுக்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. ஆனால் உண்மை பேசினால் கல்லா நிறையுமா? "கோபத்தை அடக்கும்" என்றே விற்றார். விளம்பரத்துக்காக அவர் விரலிலும் ஒரு செவ்வந்திக்கல் மோதிரம்; அவருக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

ஜன்னலில் வைத்த கல் வெளுத்துவிட்டதென்று ஓர் அம்மாள் சண்டைக்கு வந்தார்.

"உங்க கோபத்தையெல்லாம் அது உறிஞ்சிடுச்சும்மா. அதான் வெளுத்துப்போச்சு."

அம்மாள் உச்சி குளிர்ந்து இன்னொரு கல் வாங்கினார்.

அதற்குப் பொட்டலம் கட்டிய மனைவி, காலையில்தான் சட்டைப் பொத்தான் அறுந்திருந்ததற்காகக் கணவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவள், மெல்லக் கேட்டாள்:

"அப்போ உங்க மோதிரக் கல்லு மட்டும் ஏங்க இத்தனை வருஷமா வெளுக்கவே இல்ல?"