பாசிக்கு ஊற்றிய மோர்

நியூஜெர்சியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு பெரிய மேப்பிள் மரம். அதன் நிழலில் புல் ஒழுங்காக வளராது. பாசிதான் மெத்தை மாதிரி படர்ந்து கிடக்கும். ஏழு வயதில் அதன்மேல் வெறுங்காலோடு நடக்க எனக்குக் கொள்ளை ஆசை. அப்பாவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது.

அந்த வருஷம் சித்தப்பா எங்களோடு இருந்தார். கலிஃபோர்னியாவில் வேலை போய், அடுத்தது கிடைக்கும்வரை என்று வந்தவர். "பாசியை நான் பாத்துக்கறேண்ணா" என்று அவராகவே ஏற்றுக்கொண்டார். காலையெல்லாம் வேலைக்கு அப்ளை பண்ணுவார். மதியம் பாசியைச் சுரண்டி, சுண்ணாம்புத் தூள் தூவி, நிழலில் முளைக்கும் புல்விதை போட்டுத் தண்ணீர் தெளிப்பார். நாலு புல் தலைகாட்டினால் போதும், அப்பாவைக் கையோடு கூட்டிவந்து காட்டுவார். அன்றைக்கு மட்டும் அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கும்.

அவருக்கு உதவாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அம்மா தொட்டியிலிருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றுவாள். அது தளதளவென்று வளரும். கறிவேப்பிலைக்கு ஆகிறது புல்லுக்கு ஆகாதா என்ன? ஃப்ரிட்ஜில் மறந்துபோன மோரையெல்லாம், என் பெயர் பொறித்த குட்டி எவர்சில்வர் டம்ளரில் மொண்டுபோய் இரண்டு வாரம் ரகசியமாக ஊற்றினேன். புளிப்பு என்றால் பாசிக்குக் கொண்டாட்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மழையும் சேர்ந்துகொண்டது. புல் காணாமல் போனது. பாசி பச்சைப்பசேலென்று எழுந்தது. தோட்டம் முழுக்க ஒரே புளிச்ச வாடை.

சனிக்கிழமை காலை அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரு இங்க மோரைக் கொட்டினது?" என்று கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தாண்ணா. கறிவேப்பிலைக்கு அண்ணி ஊத்தறாங்களேன்னு ட்ரை பண்ணேன்" என்றார் சித்தப்பா. அவருடைய பேன்ட் பாக்கெட் புடைத்திருந்தது; கையால் அதை மறைத்தபடி நின்றார்.

"ஒரு புல்லைக்கூட ஒழுங்கா வளக்கத் தெரியலையாடா? நாள் பூரா வீட்ல என்னதான் பண்றே?"

சித்தப்பா மதியம் சாப்பிட வரவில்லை. அடடா, இவரும் அதையேதான் செய்திருக்கிறார், தப்பித்தேன் என்று நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொல்லிவிட்டு, கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டேன்.

மரத்தடியில் மறந்து விட்டுவந்த என் டம்ளர், சாயங்காலம் கழுவித் துடைத்து அலமாரியில் இருந்தது. அம்மா எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

கோடை முடிவதற்குள் சித்தப்பாவுக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்பும்போது என் தலையைக் கலைத்துவிட்டுப் போனார். அன்று அவர் பாக்கெட்டில் புடைத்திருந்தது என் டம்ளர்தான் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அவர் பெருமையாகக் காட்ட இருந்தது அந்த நாலு புல்தான். அது போனதோடு, அந்தப் பேச்சையும் எனக்காக வாங்கிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனுஷர்! சாமிக்குச் சொன்ன நன்றியை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.