காலுக்கு ஒருத்தி, தலைக்கு ஒருத்தி

பியூட்டி பார்லர் என்பது வருகிறவர்களை எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பாக்கிவிட்டு, வேலை பார்க்கிறவர்களை மட்டும் மேலே கீழே என்று பிரித்து வைக்கிற தொழில். காலையில் எம்.ஏ. வகுப்பு, மதியம் இரண்டு மணியிலிருந்து நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு மாடிப் பார்லரில் மேனேஜர் வேலை என்று என் நாள் ஓடுகிறது. மேனேஜர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். போன் எடுக்க வேண்டும், நோட்டில் யார் எப்போது வருகிறார்கள் என்று எழுத வேண்டும், ஆட்களைச் சண்டையில்லாமல் வைத்திருக்க வேண்டும். நாலு பேருக்குப் பொறுப்பாக நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் என் கட்சி.

மூன்றே எழுத்து

தொய்பி மணிப்பூர்க்காரி. இங்கே வந்து ஐந்து வருஷம். தமிழை நெல்லையில் படித்ததால், “பைய உக்காருங்க, அவசரமில்ல” என்று அவள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாளையங்கோட்டைக்காரி என்பீர்கள். முடி அலங்காரம் முறையாகப் படித்தவள். முதலாளியம்மா அவளுக்கு வைத்த பெயர் டோலி. கொடுத்த வேலை பெடிக்யூர். ஐந்து வருஷமாகக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் குதிகாலைத் தேய்க்கிறாள். முகமும் தலையும் உள்ளூர்ப் பெண்களுக்கு. நாகர்கோவிலில் ஒரு பார்லர் மணப்பெண் அலங்கார வேலையே தருகிறேன் என்று கூப்பிட்டது. வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் போய்விடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். போக விடுவதில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

முதலில் பெயருக்காகச் சண்டை போட்டேன். “வாரவங்க வாயில நுழையாதும்மா” என்றார் முதலாளியம்மா. “கெரட்டின் ட்ரீட்மென்ட் நுழையுது, மூணு எழுத்து நுழையாதா?” என்று அரைமணி நேரம் வாதாடி, எல்லோருக்கும் தமிழில் பெயர்ப் பட்டை வாங்க வைத்தேன். மறுநாள் வந்த ஒரு வங்கி அதிகாரி அம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் பூரித்துப் போய் நின்றேன். அவர் சொன்னது: “தொய்பி. பேரு நல்லாத்தான் இருக்கு. அப்போ என் காலுக்கு இந்தத் தொய்பியவே போட்டுருங்க.”

என் நீதி அட்டவணை

பெயர் மாறி வேலை மாறவில்லையென்றால் என்ன பிரயோஜனம்? பெடிக்யூரை எல்லோருக்கும் முறை வைத்து, கலர் கலராக ஒரு அட்டவணை ஒட்டினேன். யாரையும் கேட்கவில்லை. நியாயத்துக்கு எதற்கு அனுமதி என்பது அப்போது என் கொள்கை. இருப்பதிலேயே மூத்தவர் செல்வி அக்கா. பதினேழு வருஷ அனுபவம். தன் முறை வரும்போதெல்லாம் அவருக்கு எங்கிருந்தோ போன் வந்தது. தொய்பிதான் மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

மேலப்பாளையத்திலிருந்து வேலைக்கு வரும் நஸ்ரினுக்கு நான் கொடுத்தது சாயங்காலம் ஆறு மணி. அது ரமலான் மாதம். வந்தவரின் காலை வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்து, துடைத்து அனுப்பிய பிறகுதான் அவள் தண்ணீரே குடித்தாள். பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. கையில் பேரீச்சம்பழத்தோடு என் அட்டவணைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அட்டவணை அம்சமா இருக்குக்கா. நோன்பு தொறக்க ஒரு கட்டம் விட்டிருந்தா இன்னும் அம்சமா இருந்திருக்கும்.”

வாதத்தில் ஜெயித்தேன்

வைகாசிக் கல்யாணத்துக்கு ஜடை பார்க்க ஒரு பெண்ணும் அம்மாவும் வந்தார்கள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. நஸ்ரின் தலையில் தொய்பி பின்னிப் பார்த்திருந்த ஒரு ஜடையின் படத்தைப் பெண் காட்டி, இதுதான் வேண்டும் என்றாள். அம்மா தொய்பியையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தார். “மணவறையில உக்காரப்போற பிள்ளை. காலைத் தொடுத கையி தலையில படணுமா? நம்ம செல்வியவே செய்யச் சொல்லுங்க.”

நான் விடுவேனா? டாக்டர் கால் புண்ணுக்குக் கட்டுப்போட்ட கையால் உங்கள் கண்ணைப் பார்ப்பதில்லையா என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதுவரை போனேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “பெறகு சொல்லுதோம்” என்று பெண்தான் முணுமுணுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். ஜெயித்த முகத்தோடு நான் திரும்பினேன். தொய்பி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “எனக்காக எல்லார்கிட்டயும் பேசுதிய. என்ன வேணும்னு என்கிட்ட ஒரு நாளாவது கேட்டியளா?”

செல்வி அக்காவின் கணக்கு

கேட்டேன். அவளிடம் பதில் தயாராக இருந்தது. முடி வேலை அவளுக்குத் தெரியும். ஆனால் உச்சியில் ராக்கொடி, நுனியில் குஞ்சலம் வைத்து நம் பக்கத்து மணப்பெண் ஜடையை அவள் எட்ட நின்றுதான் பார்த்திருக்கிறாள். அதைச் செல்வி அக்கா பக்கத்தில் நிறுத்திச் சொல்லித்தர வேண்டும். தொய்பி செய்வாள் என்று செல்வி அக்காவே தன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வருகிறவர்களுக்குச் சண்டைதான் நினைவிருக்குமாம், ஜடை இருக்காதாம்.

செல்வி அக்காவிடம் போனேன். வாதத்தைத் தயார் செய்யாமல் ஒருவரிடம் போனது அதுதான் முதல் தடவை. சீப்புகளைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, தண்ணீரை நிறுத்திச் சொன்னார்: “பன்னெண்டு வருசம் நானும் அந்த ஸ்டூல்லதான் கெடந்தேன். இவ வந்த பெறகுதான் எந்திரிச்சேன். இப்ப இவ எந்திரிச்சா அங்கன யாரு உக்காருவா, நானா?”

முதல் பெயர்

அந்தக் கேள்விக்கு என் எம்.ஏ.வில் பதில் இல்லை, ஸ்டூலில்தான் இருந்தது. எல்லோரையும் உட்காரவைத்து, யாருக்கு எந்த நேரம் முடியும் என்று கேட்டுப் புது அட்டவணை எழுதினோம். முதல் பெயர் என்னுடையது. “மேனேஜரே காலைத் தேய்ச்சா மரியாதை என்னத்துக்கு ஆகும்?” என்றார் முதலாளியம்மா. அதையும்தான் பார்ப்போமே என்றேன். செல்வி அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார், ஈவு இரக்கமில்லாமல். மூன்றாம் நாள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் துறைப் பேராசிரியை. குனிந்திருந்த என்னை அடையாளம் கண்டு, நிதானமாகச் சொன்னார்: “சமத்துவம் பத்தி அன்னைக்கு வகுப்புல நல்லாப் பேசினே. குதிகாலைக் கொஞ்சம் அழுத்தித் தேய்.”

குஞ்சலம்

அந்த வாரமே செல்வி அக்கா, “ஏட்டி, இங்கன வா” என்று தொய்பியைக் கூப்பிட்டு ராக்கொடியைக் கையில் கொடுத்தார். தலைமையாசிரியைக்குப் போன் பண்ணியதும் அவர்தான்: “ஜடை தொய்பி போடுவா. நான் கூடவே நிப்பேன்.” மறுமுனையில் போன் கை மாறியது. பெண்ணின் குரல், “சரிக்கா” என்றது.

முகூர்த்தத்தன்று மண்டபத்து அறையில் தொய்பி பின்னினாள், செல்வி அக்கா பூ எடுத்துக் கொடுத்தார், மாப்பிள்ளையின் அத்தைக்கு நான் கால் நகத்தில் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா உள்ளே வந்தார். மகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என்னிடம் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. செல்வி அக்கா பார்த்த பார்வையில் மூன்றையும் விழுங்கினேன். ஜடையின் நுனியைத் தூக்கிப் பார்த்த அம்மா, சரிசெய்யக் கை நீட்டிய செல்வி அக்காவைத் தடுத்துச் சொன்னார்: “குஞ்சலம் ஒரு பக்கமா இழுக்கு. நீ இரு செல்வி, அந்தப் பிள்ளையவே சரி பண்ணச் சொல்லு.”

தொய்பி நாகர்கோவிலுக்குப் போகாததற்கு என் வாதத் திறமைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் நோட்டைப் புரட்டினால் ஆதாரமாகக் கிடைப்பது என் பெயருக்கு நேரே இருக்கிற முப்பத்தொரு ஜோடிக் குதிகால்கள் மட்டுமே.