உங்கள் அம்மா கை பார்த்து எடுத்த தேய்ப்பு மெஷின்

பொண்டாட்டி பேச்சைக் கேட்டு அண்ணனை விட்டுப் பிரிஞ்சவன் என்று என்னைப் பற்றி நம் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அது பொய் இல்லை. கேட்டேன், பிரிந்தேன். ஆனால் என்ன பேச்சு, எதற்காகக் கேட்டேன் என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை. அதை நான்தான் எழுத வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அப்போது நானும் உங்கள் பெரியப்பாவும் ஸ்ரீரங்கத்தில் கீழவாசல் பக்கம் ஒரே பட்டறையில் மரவேலை செய்துகொண்டிருந்தோம். ஊஞ்சல் பலகை, கல்யாண மணை, கட்டில். நம் பட்டறைக்குப் பேர் வந்ததே பலகையின் வழவழப்பால்தான். மணை எடுக்க வருகிறவர்கள் கையோடு ஒரு பழைய பட்டுத்துணியைக் கொண்டுவருவார்கள். பலகைமேல் விரித்து மெதுவாக இழுப்பார்கள். ஒரு இழை மாட்டினாலும் பலகையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கூறைப்புடவையோடு பெண் உட்காரப்போகிற மணை. அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை.

அந்த வழவழப்பு உங்கள் அம்மாவுடைய கை. பெரியப்பா அறுத்து, நான் இழைப்புளி போட்டு முடித்த பலகையை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவாள். உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு தேய்ப்பாள். முதலில் முரட்டுத் தாள், பிறகு நயமான தாள். நடுவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பாள். படுத்திருந்த மரநார் எல்லாம் எழுந்து நிற்கும். காய்ந்ததும் மறுபடி தேய்ப்பாள். இது வாடிக்கைக்காரர் யாருக்கும் தெரியாது. பெரியப்பா சொல்லமாட்டார். நான் சொன்னால் முறைப்பார்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மாவுக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் போனது பூக்கட்டுகிற வேலை. நாரை இழுத்து முடிச்சு இறுக்கினால் கண்ணி நிற்காது, பூ பூவாக மடியில் உதிரும். அப்புறம் குடம் நழுவியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தேய்க்கிற வேலையை விட்டுடும்மா. இல்லேன்னா இந்தக் கை எதுக்கும் ஆகாமப் போயிடும்" என்றார்.

பெரியப்பாவிடம் வந்து சொன்னேன்.

"விட்டுடட்டும்டா. யாரையாவது ஆளைப் போட்டுக்கலாம். அடுப்படியைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் கேட்காமல் சொன்னார். கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொன்னாள்: "ஆளு தேய்ச்சா தேய்க்கட்டும். நான் தேய்க்கிறதை ஏன் நிறுத்தணும்? எனக்குன்னு தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதாங்க. கைக்கு ஒரு வழி பண்ணுங்க. வேலையைப் பிடுங்காதீங்க."

வழி எனக்கு அரியமங்கலத்தில் கிடைத்தது. ரேடியோப் பெட்டிக்கு மரக்கூடு செய்கிற ஒரு பட்டறைக்குத் தேக்குத் துண்டு வாங்கப் போயிருந்தேன். அங்கே ஒருவர் கரண்டில் ஓடுகிற ஒரு மெஷினை உப்புத்தாளோடு மரத்தின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தோளும் முழங்கையும் சும்மா இருக்கிறது, மரம் மட்டும் தேய்கிறது. எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். டவுனில் பெரிய கடைவீதியில் ஒரு பாய் கடையைச் சொன்னார்கள். மெட்ராஸிலிருந்து வரவழைத்து வைத்திருப்பாராம்.

பெரியப்பா சிரித்தார். "உன் பொண்டாட்டி என்ன, பொன்மலை ரயில் ஒர்க்ஷாப்புல வேலைக்குச் சேரப்போறாளா? மெஷினைக் கட்டிக்கிட்டு அழப்போறேங்கிறே."

"அழமாட்டோம். வாங்கத்தான் போறோம்" என்றேன்.

"கூட அவளையும் கூட்டிக்கிட்டா? இரும்புக் கடைக்கா?"

"கை அவளோடதுதானே அண்ணே. என் கையை வெச்சு அளவு பாக்க முடியுமா?"

மறுநாள் டவுனுக்கு, மெயின்கார்டு கேட்டுக்கு பஸ் ஏறினோம். அம்மா ஒரு பையில் பலகைத் துண்டு, பட்டுத்துணி, வாழையிலையில் பொதிந்த மல்லிகை, ஈர நார் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். பூ எதற்கு என்று நான் கேட்கவில்லை. கோயிலுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். பாய் வயசானவர், மரியாதை தெரிந்தவர். "வாங்க தம்பி, உள்ள வாங்க. தங்கச்சிக்கு ஒரு ஸ்டூல் போடுங்கப்பா" என்றார். மெஷினை ஓட்டப்போவது தங்கச்சிதான் என்று நான் சொன்னதும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு மெஷின்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

முதல் மெஷினில் ஒரு வட்டத்தட்டு சுழன்றது. பலகையில் வைத்ததும் தூசி பறந்தது, வேலை மளமளவென்று ஆனது. அணைத்துவிட்டுப் பார்த்தால் மரம் பூராவும் வளையம் வளையமாகக் கீறல்.

"பலகையில கோலம் போடுதுங்க" என்றாள் அம்மா. அது போயிற்று.

இரண்டாவது இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய மெஷின். தட்டு சுழலாது, கிடுகிடுவென்று ஆடும். பாயும் அதைத்தான் எடுக்கச் சொன்னார். "பட்டறைக்காரங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. ரெண்டு ஆள் வேலை செய்யும்." எனக்கும் பிடித்திருந்தது. பலகையும் நன்றாக வந்தது, பட்டுத்துணி வழுக்கிக்கொண்டு போனது. எடுத்துவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து இலையைப் பிரித்தாள். நாரை எடுத்துப் பூக்கட்ட ஆரம்பித்தாள்.

மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கிற ஒருவர் பெல்ட் வாங்க வந்திருந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பூ மார்க்கெட் அந்தப் பக்கம்மா" என்றார்.

"தெரியும்ங்க. அங்க மெஷின் கிடைக்காதே" என்றாள் அம்மா, நிமிராமலே.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டிய நாரைத் தூக்கிக் காட்டினாள். பூ உதிர்ந்தது. மெஷின் ஆடிய ஆட்டத்தில் விரல் மறுபடி மரத்திருந்தது.

"இது பலகைக்குச் சரி. கைக்கு ஆகாதுங்க" என்றாள்.

பாய் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு சின்ன மெஷினைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே யாரோ வைத்திருந்தது, மேலே பெயிண்ட் உரிந்திருந்தது. ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும், மேலே கைவைத்துப் பிடிக்க வேண்டும். உப்புத்தாளைக் கிழித்து அடியில் மாட்ட வேண்டும். "இதை நான் யாருக்கும் எடுத்துக் காட்டுறதில்லே. வேலை மெதுவாத்தான் ஆகும். விளையாட்டுச் சாமான்னு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க" என்றார்.

அம்மா அதைப் பலகைமேல் வைத்து அழுத்தினாள். கட்டையில் தாளைச் சுற்றி உடம்பின் பாரத்தை எல்லாம் உள்ளங்கையில் இறக்கித் தேய்த்துப் பழகியவள் வேறு எப்படிச் செய்வாள்? மெஷின் முனகிக்கொண்டு நின்றே போனது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அழுத்தாதீங்க தங்கச்சி" என்றார் பாய். "கையை சும்மா மேல வைங்க. அதும்பாட்டுல போகட்டும்."

அழுத்தாமல் இருக்க அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தோள் இறங்கும், நினைவு வந்து தூக்குவாள், மறுபடி இறங்கும். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. நெடுநேரம் ஓட்டினாள். கடைக்கு வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், மில்காரர் மட்டும் பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போகாமல் நின்றார். பிறகு அம்மா கையை உதறிவிட்டுப் பூவை எடுத்தாள். கட்டினாள். கடைசிக் கண்ணி கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. ஆனால் தூக்கிக் காட்டியபோது ஒரு பூவும் விழவில்லை.

"ரொம்ப மெதுவா ஓடுதே" என்றேன்.

"பலகை அவசரப்படலையே. நீங்கதான் அவசரப்படுறீங்க" என்றாள்.

அதையே வாங்கினோம்.

வீட்டில் ஓட்ட முடியவில்லை. லைட் எரியலாம், மெஷின் ஓடக்கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பட்டறையில் பவர் லைன் இருந்தது. அதனால் அம்மா பட்டறைக்கு வரவேண்டியதாயிற்று. சண்டை உண்மையில் மெஷினால் வரவில்லை. அம்மா பட்டறை வாசல்படி ஏறியதால் வந்தது.

"தெருவுல போறவன் எல்லாம் பாப்பான்" என்றார் பெரியப்பா. "நம்ம வீட்டுப் பொம்பளை மெஷின் ஓட்டுறதை வேடிக்கை பாக்க வெக்கச் சொல்றியா? ஊர் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். இத்தனை வருஷம் நம்ம பலகை தேய்ஞ்சது யார் கையால? அதை ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டு வேலை வேற, பட்டறை வேலை வேற."

"ஒரே பலகைதானே அண்ணே."

பதில் இல்லாதபோது பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். "அந்த மெஷின் இங்க ஓடினா நான் இங்க இல்லே" என்றார். நான் உள்ளே போய் என் இழைப்புளியையும் உளிகளையும் சாக்கில் கட்டினேன். பட்டறை அவருக்கே இருக்கட்டும் என்றுவிட்டு வந்தேன். பெரிய வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அவரோடு நின்றுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. செய்ததில் வருத்தம் இல்லை. இன்றைக்கு அதே பேச்சு வந்தாலும் அதே சாக்கைத்தான் கட்டுவேன்.

திருவானைக்கோவிலில் பவர் லைன் இருக்கிற ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். தெருவைப் பார்த்த கொட்டகை. வாசலில் ஒரு படுதா கட்டிவிடலாமா என்று கேட்டேன். நான் பயந்து கேட்டேன் என்று நினைக்காதீர்கள், அவளுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று கேட்டேன். "படுதா கட்டினா தூசி எப்படி வெளியே போகும்?" என்றாள். வாசலோரமாகவே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மெஷின், கொஞ்ச நேரம் ஓய்வு. கை முழுக்கச் சரியாகவில்லை. சில நாள் விடியும்போது விரல் மரத்திருக்கும், அன்றைக்கு மெஷினைத் தொடமாட்டாள். மற்ற நாள் எல்லாம் தொட்டாள்.

வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் சொன்னது சரிதான், நின்று நின்று பார்த்தார்கள். ஒருநாள் குடையோடு வந்த ஒருவர் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "ஏம்மா, வீட்டுல ஆம்பிளை யாரும் இல்லையா?" என்று கேட்டார். மெஷின் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை.

நான் உள்ளேயிருந்து எழுந்து வந்தேன். "இருக்கேனே. உள்ள இழைச்சுக்கிட்டு இருக்கேன். அவங்க தேய்ச்சு முடிச்சாத்தான் எனக்கு அடுத்த வேலை. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அவர் குடையை மடக்கினார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும், ஒரு மணை வேண்டும் என்றும் சொன்னார். அம்மா மெஷினை அணைக்கும்வரை காத்திருந்து, அளவை அவளிடமே சொல்லச் சொன்னேன்.