ரெஹாட் முடிகிற பாட்டு

தெப்ராவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இடைவேளையை ரெஹாட் என்போம். அது முடியும்போது மணி அடிக்க மாட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பியானோ மெட்டு வரும், எட்டே விநாடிதான். அதற்குள் சோற்று டப்பாவை மூடிவிட்டு ஓட வேண்டும். வாயில் வைத்ததை மெல்லவிடாத அந்த மெட்டைப் பதினோரு வருஷமாக நான் திட்டாத நாளில்லை.

போன மாதம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் திடீரென்று அதே மெட்டு. சட்டென்று எழுந்துவிட்டேன், கை தானாக வேலைத் தொப்பியைத் தேடியது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எட்டு விநாடி ஆனது. மெட்டு நிற்கவில்லை. மெல்ல மேலே ஏறி, ஓரிடத்தில் தயங்கி, அப்படியே சரிந்து இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். போலந்துக்காரர் ஒருத்தர் ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதாம்.

கண்ணீர் காய்வதற்குள் கோபம் வந்தது. இவ்வளவு அழகான ஒன்றை நறுக்கி, மாடு விரட்டுகிற கம்பாக்கி வைத்திருக்கிறார்களே! இத்தனை வருஷமாக அந்த மனுஷனை அல்லவா திட்டியிருக்கிறேன்!

மறுநாள் ரெஹாட்டில் மெட்டு வந்து நின்றது. எல்லாரும் ஓடினார்கள். நான் மிச்சத்தை மனதுக்குள் ஓடவிட்டு, சோற்றை நிதானமாக மென்றேன்.

சூப்பர்வைசர் பெண் வந்தாள். "என்னக்கா, இன்னும் உக்காந்திருக்கீங்க? பாட்டு முடிஞ்சிருச்சு லா."

"முடியலம்மா," என்றேன். "நீங்கதான் நிறுத்திட்டீங்க."